காற்றுக்குக் கட்டணம்

தனியார் கல்லூரிகள் ஆண்டுதோறும் அச்சிட்டு விநியோகிக்கிற வழவழப்பான விளம்பரப் புத்தகங்களை நான் விடாமல் படிக்கிறவன். கற்பனை வளத்தில் அவற்றுக்கு ஈடாக இன்று தமிழில் அதிகம் எழுதப்படுவதில்லை. அட்டையில் கண்ணாடி மாளிகை. இரண்டாம் பக்கத்தில் நிறுவனர். பிறகு புல்வெளி, நீச்சல் குளம், சிரித்துக்கொண்டே பாடம் படிக்கிற பெண்கள். கடைசிக்கு முந்திய பக்கத்தில், கொஞ்சம் பொடி எழுத்தில், கட்டண விவரம் வரும். அங்கே ஹாஸ்டல் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருக்கும். ஏ.ஸி. அறை, ஆண்டுக்கு இவ்வளவு. ஏ.ஸி. அல்லாத அறை, ஆண்டுக்கு இவ்வளவு.

அந்த இரண்டு வரிகளோடுதான் எனக்குச் சண்டை.

"இதில் என்ன தப்பு, ஸார்? ரயிலில் வகுப்பு இல்லையா? ஓட்டலில் இல்லையா? காசு உள்ளவன் குளிர்ச்சியில் படுக்கிறான், இல்லாதவன் ஃபேனுக்குக் கீழே படுக்கிறான்" என்று ஒரு கல்லூரி நிர்வாகி என்னிடம் கேட்டார். நல்ல மனிதர். கேள்வியை உண்மையான ஆச்சரியத்தோடுதான் கேட்டார். ரயிலில் ஓர் இரவு போகிறோம். இறங்கினால் அவரவர் வழி. ஹாஸ்டலில் ஒரு பையன் நான்கு வருஷம் இருக்கிறான். காலையில் எழுந்து, ராத்திரி குளிர்ச்சியில் தூங்கியவன் பக்கத்தில் உட்கார்ந்து, அதே கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுகிறான். கேள்வித்தாள் எழுதுகிறவர் யார் எப்படித் தூங்கினான் என்று விசாரிப்பதில்லை. ஓட்டல்காரருக்கு இந்தக் கவலை வேண்டாம். பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. 'ஏ.ஸி. அல்லாத அறை' என்றால் என்ன? கேட்பதற்கு ஏதோ சாதாரண அறை, அதில் ஒரு சௌகரியம் மட்டும் குறைவு என்று படுகிறது. நம் ஊர்களில் அது அப்படி இல்லை. யந்திரம் இல்லாமல் மனிதன் இருக்க முடியாதபடி ஓர் அறையைக் கட்டி, பிறகு யந்திரம் இல்லாமலே அதை வாடகைக்கு விட்டால் அதற்குப் பெயர்தான் ஏ.ஸி. அல்லாத அறை. முதலில் காற்றைப் பறித்துக்கொள்கிறார்கள். அப்புறம் காற்றுக்குக் கட்டணம் போடுகிறார்கள். இது என் குற்றச்சாட்டு. மற்றதெல்லாம் அதற்கான விவரம்.

நாவல் எழுதுகிறவனுக்குக் கட்டட சாஸ்திரத்தில் என்ன வேலை என்று என்ஜினீயர் நண்பர்கள் கேட்பார்கள். எனக்கு என் பாத்திரங்களை எங்கேயாவது உட்கார வைத்தாக வேண்டும், ஐயா! எனக்கு முந்திய தலைமுறை எழுத்தாளர்களுக்குத் திண்ணை இருந்தது, கூடம் இருந்தது, கொல்லைக் கிணற்றடி இருந்தது. இன்றைய காலேஜ் மாணவனைக் கதாநாயகனாக வைத்து நான் எழுத ஆரம்பித்தால், அவன் தன் அறையில் ஐந்து நிமிஷம் இருக்க மாட்டேன் என்கிறான். மொட்டைமாடிக்குப் போகிறான், டீக்கடைக்குப் போகிறான், வராந்தாவில் நின்று டெலிபோனைத் தடவிக்கொண்டிருக்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் பொறுமையாக உட்காரத் தெரியவில்லை என்று பெரியவர்கள் அங்கலாய்க்கிறார்கள். அந்த இடத்தில் பெரியவர்கள் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இலக்கிய மன்றத் தொடக்க விழா என்று கூப்பிடுவார்கள். விழா நடக்கிற மண்டபத்தில் சால்வை போர்த்தும் அளவுக்குக் குளிரும். கூட்டம் முடிந்து, விவாதம் சூடு பிடித்து, பையன்கள் "அறைக்கு வாங்க ஸார், பேசுவோம்" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். மேல்மாடி. இரவு ஒன்பதரை மணி. வெளியே மரத்தடியில் காற்று வந்துகொண்டிருக்கும். அறைக்குள் நுழைந்தால், அப்போதுதான் இறக்கி வைத்த இட்லிக் கொப்பரையைத் திறந்தது மாதிரி முகத்தில் அடிக்கும். ஒரு பையன் வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது காய்வதற்குள் பாயை விரித்துப் படுத்திருப்பான். இன்னொருவன் ஈரத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டியிருப்பான். இரும்புக் கட்டிலில் படுக்க முடியாது, சுவரில் சாய முடியாது, சுவர் சுடும். மேலே ஃபேன் சுற்றும். கூரையிலிருந்து இறங்குகிற வெக்கையைத் தலையில் கொட்டுவதுதான் அதன் உத்தியோகம். மொட்டைமாடியில் படுக்கலாம் என்றால் அதற்கு வார்டன் பூட்டுப் போட்டிருப்பார்.

பையன்கள் சொல்வார்கள்: "ரெண்டு மணிக்கு மேல கொஞ்சம் பரவாயில்ல ஸார்."

ஏன் இரண்டு மணி? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் அதில் இன்னொரு தோசை வேகும். நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளமும் அப்படிப்பட்ட ஒரு கல்தான். பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. கோடையில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி ஸென்டிகிரேட் வரைக்கும் போகும். குடித்த வெயில் தளத்தைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. அதாவது வெயிலின் உச்சம் வெளியே மத்தியானம் வந்தால், அறைக்குள் சாயங்காலமும் முன்னிரவுமாக வருகிறது. வகுப்பு முடிந்து பையன் படிக்க உட்காருகிற நேரம் பார்த்துக் கூரை அவன்மேல் காய ஆரம்பிக்கிறது. ஆபீஸ் கட்டடமாக இருந்தால் அந்த நேரத்தில் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஹாஸ்டலோ அப்போதுதான் நிரம்புகிறது. பகலில் காலியாகவும் இரவில் நிறைந்தும் இருக்கிற கட்டடத்திற்கு, பகலில் சேமித்து இரவில் கொடுக்கிற கூரையைப் போட்டிருக்கிறோமே, இந்த அறிவை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்?

சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நடுப்பகலில் நம் தலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரையில் அது உச்சியைத் தாண்டி வடக்கே நின்றுவிட்டு மறுபடி திரும்புகிறது. ஆகவே நம் ஊர்க் கட்டடத்துக்கு வெயில் பிரதானமாகக் கூரை வழியாக வருகிறது. அடுத்தபடியாகக் கிழக்குச் சுவர், மேற்குச் சுவர். அதிலும் மேற்குதான் கொடுமை. சாய்ந்து வருகிற சாயங்கால வெயிலுக்கு ஒன்றரை அடி ஸன்ஷேடு ஒரு பொருட்டே இல்லை. அது ஸன்ஷேடுக்குக் கீழே குனிந்து உள்ளே வருகிறது. தெற்கு வெயிலை அதே ஒன்றரை அடி ஸன்ஷேடு பெரும்பாலும் தடுத்துவிடும். நீளமான கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டிப் போட்டு, நீண்ட பக்கங்கள் தெற்கையும் வடக்கையும் பார்க்கும்படி வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது என்பது கொத்தனாருக்குத் தெரியும். காலேஜ் முதலாளிக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நெடுஞ்சாலை. ரோடு மேற்கே இருந்தால் கட்டடத்தின் முகமும் மேற்கே, முகத்துக்குக் கண்ணாடியும் மேற்கே. போகிற வருகிற பஸ்களில் இருப்பவர்கள் பார்க்க வேண்டுமே!

அடுத்தது காற்று. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் கட்டுகிற ஹாஸ்டலில் ஒரு திசைக் காற்றுக்கும் வழி கிடையாது. நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், இதுதான் இன்றைய ஹாஸ்டலின் அமைப்பு. அறைக்கு ஒரு பக்கம் ஜன்னல். எதிர்ப்பக்கம் நடையைப் பார்த்த கதவு. கதவைச் சாத்தினால் அறை ஒரு டப்பா. காற்று என்பது உள்ளே வந்து வெளியே போகிற வஸ்து. போக வழி இல்லாத இடத்துக்குள் அது வராது. எதிரும் புதிருமாக இரண்டு திறப்பு வேண்டும் என்பதற்காகத்தான் பழைய கட்டடங்களில் கதவுக்கு மேலே வெண்டிலேட்டர் வைத்தார்கள், ஒரு வரிசை அறைகளுக்கு முன்னால் திறந்த தாழ்வாரம் போட்டார்கள். தாழ்வாரம் சுவருக்கு நிழல், காற்றுக்கு வழி, பிள்ளைகளுக்குப் பேச இடம். மூன்று வேலையை ஒன்று செய்தது. "ஒரு பக்கம் மட்டும் அறை கட்டினால் தாழ்வாரத்துக்கு இடம் வீணாகிறதே, ஸார்" என்றார் மேலே சொன்ன நிர்வாகி. ஒப்புக்கொள்கிறேன், அதில் சதுர அடி கொஞ்சம் அதிகமாகத்தான் ஆகும். அந்தச் செலவு ஒரு தடவை. அதை மிச்சம் பிடித்ததற்கு மாணவன் ஒவ்வொரு ராத்திரியும் செலவு கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018-ல் மத்திய அரசு வீடுகளுக்கென்று ஒரு மின்சக்திச் சிக்கன விதித் தொகுப்பை வெளியிட்டது. எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று வடமொழியும் ஆங்கிலமும் மணம் புரிந்த பெயர். பெயர் கிடக்கட்டும், சரக்கு நல்ல சரக்கு. சென்னையைப் போன்ற புழுக்கமான கடற்கரைப் பிரதேசங்களில், திறக்கக்கூடிய பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. கணக்குப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் தரை 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி வேண்டும். ஹாஸ்டலில் இருப்பது நாலுக்கு நாலு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல். பதினாறு சதுர அடி என்று எண்ணாதீர்கள். ஒரு கதவு மற்றொன்றின்மேல் நகர்கிற ஜாதி அது. எந்த நேரமும் பாதிதான் திறக்கும். மிச்சம் எட்டு. அதிலும் கொசுவலை. பழைய மர ஜன்னல் முழுக்கத் திறந்தது. நாகரிகம் வந்து பாதியைச் சாத்திவிட்டது. கூரைக்கும் அந்த விதியில் ஓர் அளவு உண்டு. மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அந்த அளவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது. வீட்டுக்கு என்று சொன்ன நியாயம், வீட்டை விட்டு வந்து படிக்கிற பிள்ளை படுக்கிற இடத்துக்கு மட்டும் பொருந்தாதா?

பெண்கள் ஹாஸ்டலின் கதை இதைவிட மோசம். இருக்கிற ஜன்னலும் அங்கே திறப்பதில்லை. கண்ணாடியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பார்கள். ரோட்டுப் பக்கத்து ஜன்னலுக்கு ஆணி அடித்திருப்பார்கள். வெளியே இருந்து எவனோ பார்த்துவிடுவானாம். பார்க்கிறவனுக்குத் தண்டனை இல்லை, பார்க்கப்படுகிறவளுக்குப் புழுக்கம். மானம் என்ற பெயரால் பெண்பிள்ளைகளை அவித்து எடுக்கிற இந்தப் பழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெற்றோர்கள் இதைப் 'பாதுகாப்பு' என்று மெச்சிக்கொண்டு பணம் கட்டுகிறார்கள். இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. பரிகாரம் பக்கத்து ராஜ்யத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் ஏ.ஸி. யந்திரத்தின் கணக்கை முடித்துவிடுகிறேன்.

அந்த யந்திரம் குளிரை உண்டாக்குவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். அது ஒன்றையும் உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற வெப்பத்தை எடுத்து வெளியே போடுகிறது; தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கி அதோடு சேர்த்துப் போடுகிறது. வெளியே என்றால் எங்கே? ஒரே கட்டடத்தில் இரண்டு வகை அறைகள் இருக்கும்போது, ஏ.ஸி. அறையின் வெளிப்பெட்டி, பக்கத்து அறையின் ஜன்னலுக்கு ஓரமாகத்தான் தொங்குகிறது. கட்டணம் கட்டிய பையனின் அறையிலிருந்து இறைத்த வெக்கையைக் கட்ட முடியாத பையன் சுவாசிக்கிறான். அவன் ஜன்னலைச் சாத்துகிறான். இந்தக் காட்சியை நான் ஒரு நாவலில் எழுதினால், பத்திரிகை ஆசிரியர் இது ரொம்பவும் செயற்கையாக இருக்கிறது, வர்க்கப் போராட்டத்தை இவ்வளவு பச்சையாகக் காட்ட வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒன்றரை டன் யந்திரம் ஒன்று, ஓடுகிற மணிக்குச் சாதாரணமாக ஒரு யூனிட் முதல் ஒன்றரை யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். பழைய மாதிரி ஃபேன் 75 வாட். இப்போது வருகிற பி.எல்.டி.ஸி. ஃபேன் சுமார் 30 வாட். ஓர் ஏ.ஸி. எரிக்கிற மின்சாரத்தில் முப்பது நாற்பது பையன்களின் தலைக்குமேல் புது ஃபேன் சுற்றலாம். இருநூறு அறை உள்ள ஹாஸ்டலில் பழைய ஃபேன்களை மாற்றினால், தினம் பதினைந்து மணி நேரம், வருஷம் 300 நாள் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 40,000 யூனிட் மிச்சம். இது பென்ஸிலும் காகிதமும் இருந்தால் பத்தாம் வகுப்புப் பையன் போடுகிற கணக்கு. வாசலில் 'பசுமை வளாகம்' என்று பலகை வைத்திருக்கிற ஸ்தாபனங்களில் இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று விசாரிக்க எனக்கு ஆசை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.ஸி. யந்திரங்கள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. பையன்கள் முதல் வேலையாக அதைப் பதினெட்டுக்குத் தள்ளி, மே மாதத்துச் சென்னையில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். அவர்களைக் கோபிப்பதற்கில்லை. கட்டிய காசுக்குக் குளிர வேண்டாமா!

ஏ.ஸி. வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. அப்படிப்பட்ட நாளில் நோயாளிக்கும் கிழவருக்கும் யந்திரம் உயிர்காக்கிற மருந்து. மருந்தைச் சோறாகப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒழுங்காகக் கட்டிய அறையில் அந்த யந்திரமும் பாதி நேரம் ஓடினால் போதும்.

இனி அந்தப் பக்கத்து ராஜ்யம். திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில், வளர்ச்சி ஆராய்ச்சி மையம் என்று ஓர் உயர்கல்வி ஸ்தாபனம் இருக்கிறது. 1970-ஐ ஒட்டி, பொருளாதார நிபுணர் கே.என். ராஜ் அதைத் தொடங்கியபோது, அப்போதைய முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவும் அதற்கு இருந்தது. கட்டடம் கட்டுகிற பொறுப்பை லாரி பேக்கர் என்ற மனிதரிடம் கொடுத்தார்கள். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-ல் தொழுநோயாளிகளுக்கான ஒரு சேவை ஸ்தாபனத்துக்கு வேலை செய்ய இந்தியா வந்து, இங்கேயே கலியாணம் செய்துகொண்டு, இந்தியப் பிரஜையாகி, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானவர். நல்ல வீடு அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கிற பொருளால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தம் வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த மேட்டு நிலத்தில் பேக்கர் என்ன செய்தார்? மேட்டை வெட்டிச் சமன் செய்யவில்லை. சரிவோடு கட்டடத்தை இறக்கினார். மரங்களை வெட்டவில்லை; சுவரை வளைத்துக்கொண்டு போனார். சுவருக்குப் பூச்சு இல்லை, செங்கல் செங்கலாகவே நிற்கிறது. எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை உண்டு: செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, சுவருக்கு நடுவில் காற்றுப் பொந்து விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். பொந்தில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே விடாது. கூரைத் தளத்தில் அடிப்பாதிக் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். இழுவையைத் தாங்குவது கம்பிதான். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிட்டுக் கான்கிரீட்டைக் குறைத்தார். சிமெண்டும் மிச்சம், வெக்கையும் குறைவு. ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல் ஜாலி, அதாவது செங்கல்களுக்கு நடுவே சந்து விட்டு அடுக்கின சல்லடைச் சுவர். காற்று வரும், வெளிச்சம் பொடியாக விழும், கம்பி வேண்டாம், கண்ணாடி வேண்டாம். உள்ளே இருப்பவளுக்கு வெளியே தெரியும். வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. அந்த வளாகத்தில் பெண்கள் ஹாஸ்டல் இருக்கிறது. ஆணி அடிக்கிற வார்டன்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இவ்வளவையும் அவர் பணத்தைக் கொட்டிச் செய்யவில்லை. கஞ்சத்தனமாகச் செய்தார். கஞ்சத்தனத்தால் வந்த குளிர்ச்சி அது.

"கேரளத்து மழையும் மரமும் வேறு, இந்த வறட்சியில் அது எடுபடுமா?" என்கிறார்கள். பேக்கரைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. அவர் அந்த இடத்தைப் பார்த்துக் கட்டினார். நீங்கள் இந்த இடத்தைப் பார்த்துக் கட்டுங்கள். நம்முடைய கொத்தனார்களும் முட்டாள்கள் இல்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் இடிக்காமல் விட்டுவைத்திருக்கிற பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கிறது. தேக்கு உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு ஒட்டியது. அதன் கனத்தைத் தாண்டி வெயில் வருவதற்குள் பொழுது போய்விடும்.

உடனே என்னைப் பழம்பெருமைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். அந்த வீடுகளில் திண்ணையும் முற்றமும் ஆண்களுக்கு. புகை அடைந்த சமையற்கட்டு பெண்களுக்கு. அந்தத் தெருக்களுக்குள் நுழையவே முடியாத ஜாதிகளும் இருந்தன. அவற்றைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்பவனுக்கு என் கதைகளில் இடமில்லை. இன்றைக்குத் தேக்கு வாங்கிக் கட்டவும் ஆகாது. அவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயத்தை, அதாவது கூரைதான் எதிரி என்பதை, நாம் மறந்துவிட்டோம் என்று மட்டுமே சொல்கிறேன்.

கட்டி முடித்த ஹாஸ்டல்களை இடிக்கவா முடியும்? வேண்டாம். பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு வெள்ளையடிக்கிற ஜனங்கள் நாம். வெயில் நேராக விழுகிற மொட்டைமாடிக்கு அடிப்பதில்லை. மாசி மாதத்தில் மாடித் தரைக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பு அடித்தால், விழுகிற வெயிலில் பாதிக்கு மேல் வந்த வழியே திரும்பிப் போகும். மழையில் கரையும், வாஸ்தவம்தான். மறு வருஷம் மறுபடி அடிக்க வேண்டும். கிரிக்கெட் மைதானத்துக்கு வருஷா வருஷம் கோடு போடுகிறார்களே! தெலுங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்று வகுத்து வெளியிட்டது. ஸோலார் பலகைகளைக் கார் நிறுத்துகிற கொட்டகைமேல் வைத்து முதலாளியின் காருக்கு நிழல் கொடுப்பதை விட்டு, மேல்மாடி அறைகளின் கூரைக்கு மேலே கொஞ்சம் உயரத் தூக்கி வைத்தால், மின்சாரத்துக்கு மின்சாரம், பையன்களுக்கு நிழல். மேற்குச் சுவர் ஓரம் புங்கமரம். கதவுக்கு மேலே சுவரை உடைத்து ஒரு ஜாலி. ஸ்லைடிங் ஜன்னலைக் கழற்றிவிட்டு முழுக்கத் திறக்கிற ஜன்னல். இவ்வளவுதான். இதில் ஒன்றுக்கும் ஜெர்மனியிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை.

ஹாஸ்டல் கட்டணம் கட்ட வழியில்லாத பையன்கள், ஊருக்குள் மொட்டைமாடியில் சிமெண்டு ஷீட் போட்ட ஒற்றை அறைகளில் மூன்று பேர் நான்கு பேராக இருக்கிறார்கள். அவர்கள் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அந்த வீட்டுக்காரர்களில் பலர் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். ஷீட்டுக்கு மேல் கொஞ்சம் தென்னங்கீற்றாவது போடுங்கள், அம்மா.

எனக்குக் கோபம் அதிகமாக வருவது வேறோர் இடத்தில். இந்தக் கல்லூரிகளில் பல என்ஜினீயரிங் கல்லூரிகள். கட்டடக்கலைப் பிரிவும் இருக்கிறது. 'சுற்றுச்சூழலுக்கு இசைந்த கட்டடம்' என்று ஒரு பாடமே இருக்கிறது. பரீட்சையில் வரைபடத்தோடு எழுதி மார்க்கு வாங்குகிறார்கள். வெக்கையில் தூங்காத கண்ணோடு வந்து, காற்றோட்டம் என்றால் என்ன என்று பத்து மார்க்குக்கு விடை எழுதிவிட்டு, திரும்ப அந்த டப்பாவுக்குள் போகிறார்கள். அவர்கள் குடியிருக்கிற கட்டடம்தானே அவர்களுக்குச் சோதனைச் சாலை? அறைக்கு ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, மேல்மாடி ஓர் எண், கீழ்மாடி ஓர் எண், மேற்கு ஓர் எண், தெற்கு ஓர் எண் என்று ஒரு கோடை முழுவதும் அவர்களே எழுதட்டும். பாதி மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, பாதியை அப்படியே விட்டு, வித்தியாசத்தை அளந்து பார்க்கட்டும். அடுத்த ஹாஸ்டலின் பிளானை அவர்களையே போடச் சொல்லுங்கள்; தப்பாகப் போட்டால் மறு வருஷத்துப் பையன் வந்து திருத்துவான். ஒரு பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். உற்சாகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த எண்களை எழுதி வைத்தால் அப்புறம் அதற்கு யார் பதில் சொல்வது?" என்றார்.

அதனால் இந்த வேலையைப் பெற்றோர்களிடம் ஒப்படைக்கிறேன். ஜூன் மாதம் அட்மிஷனுக்குப் போகும்போது, காலை பத்து மணிக்குக் கீழ்மாடியில் மாதிரி அறை ஒன்றைக் காட்டுவார்கள். அதைப் பார்க்காதீர்கள். அந்த ஊரில் ஒரு லாட்ஜில் தங்கி, இரவு ஒன்பது மணிக்குத் திரும்பிப் போங்கள். மேல்மாடியில், மேற்குக் கோடியில், ஏ.ஸி. அல்லாத அறையைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த விளம்பரப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். கட்டண விவரம் வருகிற பக்கம் வரைக்கும் உங்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.